லைசென்ஸ் கேட்காத பீரங்கி

அமெரிக்காவில் ஒரு கைத்துப்பாக்கி வாங்கக் கடைக்குப் போனால் முதலில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். பிறகு குற்றப் பின்னணி ஏதாவது இருக்கிறதா என்று மத்திய அரசின் பதிவேடுகளில் தேடிப் பார்ப்பார்கள். சரி, அதே ஆள் கோல்ஃப் பந்து நுழைகிற அளவு வாய் கொண்ட ஒரு பீரங்கி வாங்கினால்? மத்திய சட்டத்தைப் பொறுத்தவரை படிவம் கிடையாது, பதிவு கிடையாது, லைசென்ஸும் கிடையாது. கூரியரில் வீட்டு வாசலுக்கே வந்து இறங்கும்.

இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் "சட்டத்துல பெரிய ஓட்டை போலிருக்கே" என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஓட்டை என்பது சட்டம் எழுதியவர்கள் கவனிக்காமல் விட்டது. இது கவனித்து, வார்த்தை வார்த்தையாக எழுதி வைத்த விலக்கு. 1968இல் ஒரு தடவை எழுதினார்கள். 1975இல் அதற்குத் துணையாக இன்னொன்றைத் திருத்தி எழுதினார்கள். கொலை, கொள்ளை, குண்டுவெடிப்பு என்று நாடு பதறிக்கொண்டிருந்த காலத்தில், ஆயுதங்களுக்குக் கடிவாளம் போடவே கொண்டுவந்த சட்டங்கள் அவை. அதற்குள் ஏன் பீரங்கிக்கு மட்டும் ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள்? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனால் சில சுவாரசியமான இடங்களுக்குப் போகலாம்.

முதலில், இது என்ன பொழுதுபோக்கு?

குட்டிப் பீரங்கி என்றதும் அலமாரியில் வைக்கிற பொம்மை என்று நினைத்துவிட வேண்டாம். அரை அங்குல வாயுள்ள, மேசைமேல் வைக்கக்கூடிய சின்னஞ்சிறு பீரங்கியும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பயன்பட்ட பீரங்கிகளின் கால் அளவு, அரை அளவு மாதிரிகளும் உண்டு. எல்லாமே சுடும். வாய்வழியாகக் கருமருந்தைப் போட்டு, அதன் மேல் குண்டைப் போட்டு, கோலால் கெட்டித்து, பின்பக்கத்துச் சிறு துளையில் திரி வைத்துப் பற்றவைப்பார்கள். சிவகாசிப் பக்கம் கருந்திரி என்கிறார்களே, கிட்டத்தட்ட அந்தச் சாதிதான் இந்தத் திரியும்.

கோல்ஃப் பந்து சுடும் குட்டி மோர்ட்டார்களுக்கு ரசிகர்கள் அதிகம். காரணம் எளிமையானது. விதிப்படி கோல்ஃப் பந்தின் விட்டம் 1.68 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, செய்கிறவர்களும் அந்த அளவை ஒட்டியே செய்கிறார்கள். அதனால் பந்துக்குப் பந்து அளவு மாறாது. பழைய பந்து மலிவாகவும் கிடைக்கும். குண்டு வார்க்கிற வேலை மிச்சம்.

இந்த மோர்ட்டார்களின் மூதாதை ஒரு டச்சுக்காரரின் கண்டுபிடிப்பு. கோட்டைப் பொறியாளரான மென்னோ வான் கூஹோர்ன், 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், நாலு பேர் கையால் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு சின்ன மோர்ட்டாரை வடிவமைத்தார். பெரிய பீரங்கி போக முடியாத அகழிகளுக்குள் இது போகும். சுமார் இருநூறு வருஷம் கழித்து அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் அவர் பெயரிலேயே பயன்பட்டது. இன்றைக்குப் பொழுதுபோக்காகச் சுடுகிறவர்களும் 'கூஹோர்ன்' என்றுதான் சொல்கிறார்கள்.

இதற்கென்று போட்டிகளும் உண்டு. 1950இல் தொடங்கிய வடக்கு-தெற்கு ஸ்கிர்மிஷ் சங்கம், வர்ஜீனியா மாநிலத்தில் தனக்கென்று ஒரு மைதானம் வைத்திருக்கிறது. உள்நாட்டுப் போர்க் காலத்துத் துப்பாக்கிகளோடு பீரங்கிகளையும் மோர்ட்டார்களையும் வைத்து அங்கே குறி பார்த்துச் சுடுகிறார்கள். மோர்ட்டார் போட்டியில் 100 கஜம் தள்ளி ஒரு கம்பு நட்டிருக்கும். யார் குண்டு அதற்கு அருகில் விழுகிறதோ அவர்களுக்கு வெற்றி. கோலிக்குண்டு ஆட்டத்தைப் பெரிதாக்கி, புகையும் இடியும் சேர்த்தது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் பீரங்கி புதுசு இல்லை

2021 ஜூனில் அதிபர் ஜோ பைடன் துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிப் பேசும்போது, ஆதிகாலத்திலேயே அமெரிக்கர்கள் பீரங்கி வாங்க முடியாது என்ற பொருளில் ஒன்றைச் சொன்னார். உண்மை சரிபார்க்கும் பத்திரிகையாளர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். அப்படி ஒரு தடை இருந்ததே இல்லை. சொல்லப்போனால் அமெரிக்க அரசியல் சாசனமே தனியார் பீரங்கி உண்டு என்ற நினைப்பில்தான் எழுதப்பட்டிருக்கிறது. முதல் உறுப்பின் எட்டாவது பிரிவு, எதிரிக் கப்பல்களைப் பிடிக்கத் தனியார் கப்பல்களுக்கு அனுமதிப் பத்திரம் தரும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கிறது. பீரங்கி இல்லாத கப்பலுக்கு அந்தப் பத்திரத்தால் என்ன பயன்? 1812இல் பிரிட்டனோடு போர் வந்தபோது, நூற்றுக்கணக்கான தனியார் கப்பல்கள் இப்படிப் பத்திரம் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போயின. கடற்கொள்ளைக்கு அஞ்சிய சாதாரண வணிகக் கப்பல்களும் பீரங்கி வைத்திருந்தன.

தரையிலும் கதை உண்டு. டெக்சாஸ் அப்போது மெக்சிகோவின் பகுதி. கொன்சாலஸ் என்ற ஊரில் குடியேறியவர்கள், கொமாஞ்சி பழங்குடிகளின் தாக்குதலைச் சமாளிக்க ஒரு பீரங்கி வேண்டும் என்று கேட்க, 1831இல் மெக்சிக அரசு ஒன்றைக் கொடுத்தது. நாலு வருஷத்தில் குடியேறிகளுக்கும் அரசுக்கும் உறவு கெட்டுப்போனது. 'கொடுத்த பீரங்கியைத் திருப்பிக் கொடு' என்று அரசு ஆள் அனுப்பியது. ஊர்க்காரர்கள் பீரங்கியை ஒரு பீச் தோப்பில் புதைத்து வைத்துவிட்டு நாளைக் கடத்தினார்கள். பிறகு சுமார் நூறு குதிரை வீரர்கள் வந்தார்கள். 1835 அக்டோபர் 2ஆம் தேதி, 'முடிந்தால் வந்து எடுத்துக்கொள்' என்ற அர்த்தத்தில் கொடி தைத்துப் பிடித்துக்கொண்டு, அதே பீரங்கியால் அந்த வீரர்களை நோக்கிச் சுட்டார்கள். டெக்சாஸ் புரட்சியின் முதல் மோதல் அதுதான்.

இன்றைக்கு கொன்சாலஸ் அருங்காட்சியகத்தில் அந்தப் பீரங்கி என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். பார்த்தால் 'இவ்வளவு சின்னதா?' என்று தோன்றும். அதுதான் அசல் பீரங்கியா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. எதுவாக இருந்தாலும், ஒரு குட்டிப் பீரங்கி அமெரிக்க மனசில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்ள இந்தக் கதை போதும். இன்றும் அந்தக் கொடியின் படத்தைச் சட்டையிலும் கார்க் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

1968: கோடு எங்கே போட்டார்கள்?

ஆனால் உணர்ச்சி மட்டுமே சட்டத்தில் இடம் வாங்கித் தராது. 1934இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம், இயந்திரத் துப்பாக்கி, குழல் வெட்டிய துப்பாக்கி, சத்தம் அடக்கும் கருவி போன்றவற்றைப் பதிவு செய்ய வைத்து 200 டாலர் வரி போட்டது. மதுவிலக்குக் காலத்துக் கும்பல்களை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. பீரங்கியைப் பற்றி அன்று யாரும் கவலைப்படவில்லை.

கவலை வந்தது இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு. ஐரோப்பிய ராணுவங்கள் கழித்துக்கட்டிய ஆயுதங்கள் அமெரிக்காவில் தபால் வழியாக மலிவு விலையில் விற்பனைக்கு வந்தன. அதில் ஃபின்லாந்தின் லாட்டி என்ற 20 மில்லிமீட்டர் பீரங்கித் துப்பாக்கியும் ஒன்று. டாங்கியின் இரும்புத் தகட்டைத் துளைப்பதற்குச் செய்தது. 1965இல் நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில், பணம் காக்கும் ஒரு நிறுவனத்தின் பெட்டக அறையை உடைக்கத் திருடர்கள் இதைத்தான் பயன்படுத்தினார்கள். கான்கிரீட் சுவரை வெடித்து ஓட்டை போட்டுப் பணத்தை அள்ளிக்கொண்டு போனார்கள்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், தபாலில் வாங்கிய ஒரு பழைய ராணுவத் துப்பாக்கியால் அதிபர் கென்னடி கொல்லப்பட்டிருந்தார். 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்டார்கள். அந்த வருஷம் அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கையெழுத்தானது. 'அழிவுக் கருவி' என்று ஒரு புதிய வகையை அது உண்டாக்கியது. வெடிகுண்டு, கையெறி குண்டு ஆகியவற்றோடு, குழலின் வாய் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கிற ஆயுதங்களும் அதில் சேர்ந்தன. சுடுவிளையாட்டுக்குப் பயன்படும் சாட்கன்னுக்கு மட்டும் தனி விலக்கு. லாட்டி போன்றவை இதில் மாட்டிக்கொண்டன.

அரை அங்குலம் என்று அளந்தால் குட்டிப் பீரங்கிகளில் பாதியும் மாட்டிக்கொள்ளுமே? இங்கேதான் விலக்கு வருகிறது. 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்த பழைய ஆயுதம், நவீனத் தோட்டா போட்டுச் சுடும் அமைப்பு இல்லாதது, 'பழங்கால ஆயுதம்' ஆகிறது. திரி, சிக்கிமுக்கிக் கல், தொப்பிக் கேப்பு இவற்றால் பற்றவைக்கும் பழைய முறையை அப்படியே பின்பற்றி நேற்று செய்த நகலும் அதே கணக்கில் சேரும். அதாவது, கேள்வி பொருளின் வயசைப் பற்றியது அல்ல, அது வேலை செய்யும் விதத்தைப் பற்றியது. 2024இல் லேத்தில் கடைந்த குழலானாலும், வாய்வழி கெட்டித்துத் திரி வைத்துச் சுடுவதாக இருந்தால் அது 'பழசு'தான்.

அதே சட்டத்தில் இன்னொரு விலக்கும் இருக்கிறது. சைகை காட்டவும் கயிறு எறியவும் பயன்படும் கருவிகள் அழிவுக் கருவிகள் அல்ல. 'கயிறு எறிய' என்பது எங்கிருந்து வந்தது? கரைக்கு அருகே கப்பல் தரைதட்டி உடைந்தால், கரையிலிருந்து ஒரு சிறு பீரங்கியால் கயிறு கட்டிய குண்டைக் கப்பலின் மேலாகச் சுடுவார்கள். அந்தக் கயிற்றைப் பிடித்து, பெரிய வடத்தை இழுத்துக் கட்டி, ஆட்களை ஒவ்வொருவராகக் கரைசேர்ப்பார்கள். ராணுவ அதிகாரி டேவிட் லைல் 1870களின் கடைசியில் அமெரிக்க உயிர்காப்புச் சேவைக்காக வடிவமைத்த பீரங்கி இந்த வேலையைப் பல பத்தாண்டுகள் செய்தது. உயிர் எடுக்கிற கருவியின் உடம்பை வைத்துக்கொண்டு உயிர் காத்த பீரங்கி அது.

இதற்கெல்லாம் ஒரு எல்லையும் உண்டு. குழல் பழைய மாதிரியாக இருக்கலாம். ஆனால் உள்ளே போடும் குண்டு வெடிக்கும் குண்டாக இருந்தால், அந்தக் குண்டே அழிவுக் கருவி. கெட்டியான இரும்புக் குண்டு, ஈயக் குண்டு, கோல்ஃப் பந்து எல்லாம் சரி. விழுந்த இடத்தில் வெடிப்பது சரியில்லை.

மெதுவாக இருப்பதே தகுதி

இப்போது மூலக் கேள்விக்கு வருவோம். வாய் அகலத்தை வைத்துப் பார்த்தால் பழைய பீரங்கி லாட்டியைவிடப் பெரிசு. குண்டின் எடையில் பார்த்தாலும் பெரிசு. பிறகு எதை வைத்து அது ஆபத்துக் குறைந்தது என்று முடிவு செய்தார்கள்?

உள்நாட்டுப் போரில் இரண்டு தரப்பும் நம்பியிருந்த பீரங்கி 'நெப்போலியன்' என்ற 12 பவுண்டர். 4.62 அங்குல வாய். பயிற்சி பெற்ற ஓர் அணி, ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக்கொண்டு செய்தால், குறி பார்த்து நிமிஷத்துக்கு இரண்டு தடவை சுடலாம். ஒவ்வொரு தடவை சுடும்போதும் பீரங்கி பின்னால் உருளும். தள்ளிக்கொண்டு வந்து மறுபடி குறி வைக்க வேண்டும்.

1897இல் பிரெஞ்சு ராணுவம் ஒரு 75 மில்லிமீட்டர் பீரங்கியைக் கொண்டுவந்தது. குண்டும் மருந்தும் ஒரே தோட்டாவாக, பின்பக்கமாக உள்ளே போகும். மருந்தும் புகையில்லா மருந்து. சுடும்போது குழல் மட்டும் எண்ணெயும் காற்றும் நிரம்பிய அமைப்பின் மீது பின்னால் சரிந்து, தானே முன்னால் வந்து நிற்கும். சக்கரம் நகராது. நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை சுட்டார்கள். உலகத்தின் எல்லாப் பீரங்கிகளும் ஒரே நாளில் கிழடாகிப்போயின.

1968 சட்டத்தின் 1898 என்ற வருஷத்தைப் பார்க்கும்போது இதுதான் நினைவுக்கு வருகிறது. கோடு கைத்துப்பாக்கி, நீள்துப்பாக்கி எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போட்டது. ஆனாலும் பீரங்கியின் கதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் கச்சிதமாக விழுந்திருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ளவை தோட்டா போட்டால் போதும், யாரும் சுடலாம். அந்தப் பக்கம் உள்ளவற்றுக்கு மருந்து அளக்கவும், துடைக்கவும், கெட்டிக்கவும், காத்திருக்கவும் தெரிய வேண்டும். பெட்டகத்தை உடைக்கப் போகிற திருடன், ஈரக்கோலையும் உலர்கோலையும் திரியையும் தூக்கிக்கொண்டு போய், ஒரு தடவை சுட்டுவிட்டுப் பல நிமிஷம் காத்திருந்து அடுத்த தடவை சுடமாட்டான். சட்டம் பீரங்கியின் பலத்தை அளக்கவில்லை. அதன் நிதானத்தைத்தான் அளந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐந்து பவுண்டும் ஐம்பது பவுண்டும்

பீரங்கி கையில் இருந்தால் ஆச்சா? மருந்து வேண்டாமா? 1970இல் வந்த சட்டம் வெடிபொருட்கள் அனைத்தையும் மத்திய லைசென்ஸுக்குள் கொண்டுவந்தது. கருமருந்துக்கு மட்டும், ஐந்து பவுண்டு வரை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். ஐந்து பவுண்டு என்றால் இரண்டேகால் கிலோவுக்குச் சற்று மேல்.

துப்பாக்கிக்காரர்களுக்கு இது தாராளம். பீரங்கிக்காரர்களுக்கு? நெப்போலியன் பீரங்கியின் போர்க்கால அளவு, ஒரு தடவைக்கு இரண்டரை பவுண்டு மருந்து. ஆக, சட்டம் கொடுத்தது இரண்டே வேட்டு! குட்டிப் பீரங்கிக்கு இவ்வளவு தேவைப்படாதுதான். ஆனால் சங்கமாகக் கூடிச் சுடுகிறவர்களுக்கும், பழைய போர்களை நடித்துக் காட்டுகிறவர்களுக்கும் இது பெரிய முட்டுக்கட்டை. நாடு தன் 200ஆவது சுதந்திர நாளுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம் வேறு.

1975 ஜனவரி 4ஆம் தேதி திருத்தம் சட்டமானது. 1976 ஜூலை 4க்குச் சரியாக ஒன்றரை வருஷம் முன்பு. ஐந்து பவுண்டு ஐம்பது ஆனது. கூடவே நிபந்தனை: அது ஆலையில் செய்த கருமருந்தாக இருக்க வேண்டும், விளையாட்டு, பொழுதுபோக்கு, பண்பாடு ஆகிய நோக்கங்களுக்காக மட்டும், பழங்கால ஆயுதங்களிலும் கருவிகளிலும் பயன்படுத்த வேண்டும். இந்தப் 'பண்பாடு' என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. கோயில் திருவிழாவில் அதிர்வேட்டுப் போடாவிட்டால் சாமி புறப்பட்டது மாதிரியே இல்லை என்பார்களே, அந்த மாதிரி ஓர் உணர்வை அமெரிக்கச் சட்டமும் ஒரே சொல்லில் ஒத்துக்கொண்டிருக்கிறது.

ஆபத்து யாருக்கு?

மெதுவான ஆயுதம் என்பதால் ஆபத்தில்லாத ஆயுதம் என்று ஆகிவிடாது. யாருக்கு ஆபத்து என்பதுதான் மாறுகிறது.

1861 ஏப்ரலில் சம்டர் கோட்டை மீது தென்மாநிலப் படை சுமார் 34 மணி நேரம் குண்டு பொழிந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்கம் அது. அந்தக் குண்டுமழையில் கோட்டைக்குள் ஒருவர்கூடச் சாகவில்லை. கோட்டையை ஒப்படைத்துவிட்டு வெளியேறும்போது, கொடிக்கு மரியாதையாக 100 வேட்டுச் சுட அனுமதி வாங்கினார்கள். குண்டு இல்லை, வெறும் மருந்து. ஏப்ரல் 14ஆம் தேதி அந்த மரியாதை வேட்டின்போது, கெட்டித்துக்கொண்டிருந்த மருந்துப்பை முன்கூட்டியே வெடித்தது. டேனியல் ஹவ் என்ற சிப்பாய் அங்கேயே இறந்தார். 50 வேட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட போரில் இறந்த முதல் சிப்பாய் அவர்தான். எதிரியின் குண்டால் அல்ல, தன் பக்கத்துப் பீரங்கியில் போட்ட குண்டில்லாத மருந்தால்.

குழல் வெடிப்பது இன்னொரு வகை. 1844 பிப்ரவரி 28ஆம் தேதி, பிரின்ஸ்டன் என்ற புதிய போர்க்கப்பலில் அதிபர் ஜான் டைலரும் அமைச்சர்களும் பொட்டோமாக் ஆற்றில் உலாப் போனார்கள். 'அமைதி காப்பவன்' என்று பெயர் வைத்த 12 அங்குலப் பீரங்கியைச் சுட்டுக் காட்டினார்கள். கடைசி வேட்டில் குழலே பிளந்தது. வெளியுறவு அமைச்சர், கடற்படை அமைச்சர் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். அதிபர் அந்த நேரம் கீழ்த்தளத்தில் இருந்ததால் தப்பினார்.

இந்த இரண்டு சாவிலிருந்துமே பாடம் படித்துத்தான் பீரங்கிச் சங்கங்களின் விதிகள் நிற்கின்றன. மருந்து இருக்கும் பகுதியில் குழலின் சுவர் குறைந்தது வாயின் விட்டம் அளவாவது தடிமனாக இருக்க வேண்டும். வார்ப்பிரும்புக் குழல் என்றால் உள்ளே எஃகுக் குழாய் செருகியிருக்க வேண்டும். புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூட ஆகாது, கருமருந்துக்கென்று செய்த குழல் அந்த அழுத்தத்தைத் தாங்காது. ஒவ்வொரு வேட்டுக்குப் பிறகும் திருகுக்கம்பியால் உள்ளே மிஞ்சியதைச் சுரண்டி எடுத்து, ஈரக்கோலால் நெருப்புப்பொறியை அணைத்து, உலர்கோலால் துடைக்க வேண்டும். அந்த நேரமெல்லாம் ஒருவர் தோலுறை மாட்டிய கட்டைவிரலால் பின்துளையை அடைத்துப் பிடித்திருப்பார், காற்றுப் புகுந்து பொறி விழித்துக்கொள்ளக் கூடாதே! மருந்தைக் குப்பியிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டவே கூடாது. கோல் பிடிக்கிறவர் வாய்க்கு நேரே உடம்பைக் காட்டாமல் பக்கவாட்டில் நிற்பார். அடுத்த வேட்டுக்கு அவசரமே படக் கூடாது.

இத்தனையும் சங்க விதி, வழக்கம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தது. மத்தியச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. சட்டம் ஒதுங்கி நிற்கிற இடத்தை இந்த ஒழுங்குதான் நிரப்புகிறது. அது தளர்ந்தால் விலக்குக்கும் ஆயுசு இருக்காது.

ஆட்சேபமும் நியாயம்தான்

எல்லோரும் இந்த விலக்கை ஏற்றுக்கொள்ளவில்லை. மத்தியச் சட்டத்தின் இலக்கணப்படி பழங்கால ஆயுதம் 'துப்பாக்கி' என்ற சொல்லுக்குள்ளேயே வராது. ஆகவே துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்பட்ட ஒரு குற்றவாளிக்கும் அந்தச் சட்டம் இதில் குறுக்கே நிற்பதில்லை. மருந்தைப் பற்றிய பயம் இன்னும் பெரிது. 2013இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு, கருமருந்து வாங்குகிறவர்களுக்கும் பின்னணி சோதனை வேண்டும் என்று செனட்டர் ஃபிராங்க் லாட்டன்பர்க் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. ஆனால் அவர் கேட்டது தப்பான கேள்வி என்று சொல்ல முடியாது. மெதுவாக இருப்பது பீரங்கியின் குணம். மருந்தைப் பீரங்கிக்கு வெளியே வைத்தால் அதற்கு அந்தக் குணம் கிடையாது. 1975 திருத்தம் வாங்குகிறவரின் நோக்கத்தை நம்பியது. நோக்கத்தைக் கடையில் எடை போட்டுப் பார்க்க முடியாதே.

தவிர, மேலே சொன்னதெல்லாம் மத்தியச் சட்டம் மட்டும். மாநிலமும் நகராட்சியும் தத்தம் விதியை வைத்திருக்கின்றன. ஊருக்குள் சுடத் தடை, சத்தத்துக்குத் தடை, மருந்து சேமிக்கத் தீயணைப்பு விதி என்று பல உண்டு. நம் நாட்டு வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், துப்பாக்கி என்பதன் இலக்கணத்திலேயே பீரங்கியையும் சேர்த்துவிட்டது. வாசிக்கலாம், ரசிக்கலாம், செய்து பார்க்கும் ஆசை வேண்டாம்.

மருந்து ஆலை

சட்டத்தைவிட இந்தப் பொழுதுபோக்குக்குப் பெரிய ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்தது.

1802இல் டெலவேரின் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் டூ பான்ட் குடும்பம் மருந்து ஆலை தொடங்கியது. அந்த ஆலைக் கட்டடங்களுக்கு மூன்று பக்கம் தடித்த கற்சுவர். ஆற்றைப் பார்த்த பக்கமும் கூரையும் மட்டும் இலேசானவை. வெடித்தால் வெடிப்பு ஆற்றுப் பக்கம் போகட்டும் என்ற கணக்கு. வெடிக்கவே வெடிக்காது என்று அவர்கள் தங்களை ஏமாற்றிக்கொள்ளவில்லை. அங்கே அரைபட்ட வெடியுப்பில் நம் நாட்டுச் சரக்கும் உண்டு. பிகார், வங்காளப் பகுதிகளின் வெடியுப்பு பிரிட்டிஷ் வணிகர் வழியாக உலகம் முழுக்கப் போனது. 1861இல் லாமோ டூ பான்ட் வட மாநிலங்களுக்காக லண்டன் போய் வெடியுப்பை அள்ளி வாங்கியபோது, பிரிட்டன் ஏற்றுமதியை நிறுத்திவைத்து, ஒரு ராஜதந்திரச் சண்டை தீர்ந்த பிறகுதான் விடுவித்தது. மருந்து இல்லாவிட்டால் பீரங்கி வெறும் குழாய் என்பது அன்றே தெரிந்த விஷயம்.

டூ பான்ட் 1970களின் தொடக்கத்தில் கருமருந்தைக் கைவிட்டது. அந்தத் தொழில் கோயெக்ஸ் என்ற பெயரில் கைமாறி, பின்னாளில் லூசியானாவுக்கு இடம்பெயர்ந்தது. 2021 செப்டம்பரில் அதன் அப்போதைய உரிமையாளர்கள் ஆலையை மூடுவதாக அறிவித்தார்கள். அமெரிக்காவில் கருமருந்து செய்துகொண்டிருந்த ஆலை அது ஒன்றுதான். ஐம்பது பவுண்டு வைத்துக்கொள்ளச் சட்டம் சம்மதிக்கிறது, வாங்கத்தான் இடமில்லை! அடுத்த வருஷம், மாதிரி ராக்கெட்டுகளுக்குப் பேர்போன எஸ்டெஸ் குழுமம் அந்த ஆலையை வாங்கியது. பள்ளிப் பிள்ளைகள் விடும் ராக்கெட்டின் மோட்டாருக்கும் கருமருந்துதான் வேண்டும்.

ஆக, இந்தப் பொழுதுபோக்கு நாலு தூணில் நிற்கிறது. 1968இன் ஒரு விலக்கு, 1975இன் ஓர் எண், லூசியானாவில் ஓர் ஆலை, கோலைக் கையில் பிடித்தவர்களின் பொறுமை. முதல் மூன்றும் மற்றவர்கள் கையில் இருக்கின்றன. நாலாவது மட்டும்தான் சுடுகிறவரின் கையில். பின்துளையை அடைத்துப் பிடித்த அந்தக் கட்டைவிரலில்.